வேதியியலை வைத்துச் சாகசக் கதை எழுத முடியாதா?

வாசகர் கேள்வி, அக்டோபர் 4

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு விண்வெளியை வைத்துச் சாகசக் கதை எழுதலாம், காட்டை வைத்து எழுதலாம், கடலை வைத்து எழுதலாம். வேதியியலை வைத்து எழுத முடியாது என்பது என் முடிவு. எழுதினால் ஒன்று அது பாடப்புத்தகமாகிவிடுகிறது, இல்லையென்றால் கடைசியில் ஏதாவது வெடிக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அப்படிப்பட்ட ஒரு கதையைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டு, "சமன்பாடு வந்தவுடன் கதை நின்றுவிடுகிறது அப்பா" என்றாள். அவள் சொன்னது சரிதானே?

அக்டோபர் 5

உங்கள் மகள் சொன்னது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். சனிக்கிழமை மதியங்களில், விருப்பப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு நானே எழுதும் ஒரு தொடர்கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டுகிறேன். கதை எங்கே நிற்கிறது என்பது அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, சமன்பாட்டால் கதை நிற்பதில்லை. விளக்கம் சொல்ல வரும் மாமாவால் நிற்கிறது. இந்த வகைக் கதைகளில் எப்போதும் ஒரு விஞ்ஞானி மாமா இருக்கிறார். திருடன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அமிலம் என்றால் என்னவென்று இரண்டு பக்கம் பேசுகிறார். அவர் பேசி முடித்த பிறகு துரத்தல் தொடர்கிறது. அந்த இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராது.

நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. கதையில் வரும் வேதிப்பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மந்திரப்பொடி என்று எழுதிப் பாருங்கள். கதை அப்படியே நடந்தால் அது வேதியியல் கதை இல்லை. அந்தப் பொருளின் குணம் தெரிந்தால்தான் பூட்டு திறக்கும் என்று இருக்க வேண்டும். நாயகன் திறப்பதற்கு ஒரு பக்கம் முன்பே வாசிக்கும் பிள்ளை திறந்திருக்க வேண்டும். அது நடந்தால் எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடி வைக்காது.

அக்டோபர் 6

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மாணவியாக இருந்தபோது செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு இருந்தது. எண் மட்டும் எழுதிய தாளில் கொஞ்சம் வெள்ளைத் தூள் தருவார்கள். அது என்ன உப்பு என்று மாலைக்குள் சொல்ல வேண்டும். எல்லா வெள்ளைத் தூளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு விலக்கிக்கொண்டே போக வேண்டும். இதைவிடத் துப்பறியும் கதைக்கு நெருங்கிய வேலை பள்ளியில் வேறு எது?

அதிலும் பழுப்பு வளையச் சோதனை. தெரியாத உப்பின் கரைசலில் புதிதாகக் கரைத்த அன்னபேதிக் (இரும்பு சல்ஃபேட்) கரைசலைச் சேர்த்து, சோதனைக்குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவர் வழியாக மெல்ல இறக்குவோம். அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். இரண்டு திரவமும் தொடும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தோன்றினால் அது நைட்ரேட். கை நடுங்கிக் குழாய் குலுங்கினால் வளையம் கலைந்துவிடும். அந்த அறையில் பேச்சே இருக்காது. எதுவும் வெடிக்காத ஒரு பரபரப்பை நான் முதலில் அனுபவித்தது அங்கேதான். என் கதையில் அந்த அமைதியைக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

அக்டோபர் 11

நீலகிரியில் என்ன சாகசம் இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நடுவட்டம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து 1860-இல் கிளம்பி வந்த சின்கோனா விதைகளும் நாற்றுகளும் இந்த மலையில்தான் வேரூன்றின. மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே நம்பகமான மருந்தான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. நடுவட்டத்தில் சிறை இருந்தது, சீனக் கைதிகள் சின்கோனாத் தோட்டத்தில் உழைத்திருக்கிறார்கள். கைதிகள், காய்ச்சல், கடல் கடந்து வந்த விதை: சாகசக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

வேதியியல் இதில் எங்கே வருகிறது? குயினைன் கலந்த அமில நீர் சாதாரண விளக்கில் வெறும் தண்ணீராகத் தெரியும். சூரிய ஒளியிலோ புறஊதா விளக்கிலோ நீலமாக ஒளிரும். கடைகளில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கு போதும். இன்னும் ஒன்று: அந்த நீரில் சமையல் உப்பைக் கலந்தால் ஒளி மங்கிவிடும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்த ஒளிர்வைத் தணிக்கிறது. என் கதையில் குயினைன் நீரால் எழுதிய ஒரு கடிதம் வருகிறது. கடிதம் யார் கையில் கிடைத்தாலும் வெற்றுத்தாள். பிறகு கண்ணாடிக் குப்பியில் இருந்த மீதி மையில் யாரோ உப்பைப் போட்டுவிடுகிறார்கள், ஒளி மறைகிறது. ஏன் மறைந்தது என்று கேட்டு அத்தியாயத்தை நிறுத்திவிட்டேன். அடுத்த சனிக்கிழமைவரை பிள்ளைகள் என்னை விடவில்லை.

அக்டோபர் 12

என் கதையின் நாயகியைப் பற்றி, "பதினைந்து வயதுப் பெண் ஆய்வு செய்வது நம்பும்படி இல்லை" என்று வந்த குறிப்புக்கு: வில்லியம் பெர்கின் 1856-இல் லண்டனில், தன் வீட்டிலேயே வைத்திருந்த சிறு ஆய்வகத்தில் குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை. கறுப்பாக ஒரு கசடு கிடைத்தது. அதைக் கொட்டாமல் சாராயத்தில் கரைத்துப் பார்த்தார், ஊதா நிறம் வந்தது. செயற்கைச் சாயத் தொழிலுக்கே அதுதான் தொடக்கம். அப்போது அவருக்கு வயது 18.

அக்டோபர் 19

வெடிப்பு பற்றி. பையன்கள் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அருவங்காடு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பிலும் உண்டு. "கார்டைட் தொழிற்சாலையை வைத்து ஒரு அத்தியாயம் எழுதுங்கள் டீச்சர்" என்றார்கள்.

செய்முறை எழுதமாட்டேன். எதை எதோடு கலந்தால் வெடிக்கும் என்பதைப் பதின்வயதுப் பிள்ளைக்குக் கதையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அதில் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் கார்டைட்டை வைத்து வெடிப்பே இல்லாத ஓர் உண்மைக் கதை இருக்கிறது. கார்டைட் என்பது குண்டுகளை உந்தும் வெடிமருந்து. அதன் பசையைப் பிசைந்து கயிறுபோல இழுப்பதற்கு அசிட்டோன் என்ற கரைப்பான் வேண்டும். அன்று அது மரத்தைச் சூடாக்கிக் காய்ச்சி வடித்துக் கிடைத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு அது போதவில்லை. கைம் வைஸ்மன் என்ற வேதியியலர், ஒரு நுண்ணுயிரியைக் கொண்டு மாவுப்பொருளை நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மக்காச்சோளம் கொண்டு செய்தார்கள். தானியம் சாப்பாட்டுக்கே பற்றாமல் போனதும், 1917-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் குதிரைச் செஸ்நட் காய்களைப் பொறுக்கி வரச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை. போர் ரகசியம்.

இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு பெண், "அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி காய் எங்கே போகிறது என்று பின்னாலேயே போயிருந்தால்?" என்று கேட்டாள். எனக்கு வராத யோசனை. அந்தக் கதையை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் தலையிடவில்லை.

அக்டோபர் 26

குயினைன் கடிதத்தைக் கதையின் மையத்திலிருந்து எடுத்துவிட்டேன். கிளைக்கதையாக அது இருக்கும். இதற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

குயினைன் ஒளிரும் என்பது அழகான செய்தி. ஆனால் அது நான் கொடுத்தால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். நான் கொடுத்ததை நானே கேட்டால் அது தேர்வு. பிள்ளை தன் வீட்டிலேயே பார்த்திருக்கும் ஒன்று சாவியாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அப்படி என்ன தெரியும்? வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போவது தெரியும். தேயிலைச் சாறு பட்ட இரும்பு கறுப்பது தெரியும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள் என்று பாட்டி சொல்லியிருப்பார். மூன்றும் ஒரே சங்கதி: துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

ஆகவே கதைக்கு நாயகன் இரும்பு. வேதியியல் முழுவதையும் ஒரு கதையில் திணிக்க நினைப்பதுதான் பெரும்பாலான முயற்சிகளைக் கெடுக்கிறது. ஒரே ஒரு தனிமத்தை எடுத்துக்கொண்டு, அது வேடம் மாறி மாறிப் போகும் வழியெல்லாம் பின்தொடர வேண்டும்.

கதை இப்போது இப்படிப் போகிறது. ஊட்டியில் ஒரு பழைய ஸ்டூடியோ. அதன் உரிமையாளர் ஒரு மலைப்பாதையின் வரைபடத்தை நீலப்பட முறையில் அச்சிட்டு வைத்திருக்கிறார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளைப் பூசிய தாளை வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலம் வருமே, அந்த முறை. வரைபடம் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவன் அதைச் சலவைச் சோடாக் கரைசலில் முக்குகிறான். நீலம் போய்விடுகிறது, தாள் வெளிறிக் கிடக்கிறது. அழித்துவிட்டதாக நினைத்துப் போட்டுவிட்டுப் போகிறான்.

அழிந்தது நீலம் மட்டும். இரும்பு தாளின் நாரிலேயே மஞ்சள் கறையாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கறுப்பாக்க என்ன வேண்டும்? நீலகிரியில் எந்த வீட்டு அடுப்பிலும் அது கொதித்துக்கொண்டிருக்கிறது.

நீலப்படத்தை 1842-இல் உருவாக்கியவர் ஜான் ஹெர்ஷல். குயினைன் கரைசலின் நீல ஒளியை 1845-இல் விவரித்தவரும் அவர்தான். பிலிம் கழுவப் பயன்படும் ஹைப்போ என்ற உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் குணத்தை 1819-இல் கண்டவரும் அவரே. என் தந்தை இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருட்டில் சுவரைத் தொடாமல் நடக்கத் தெரிந்தவர், வீட்டில் மின்சாரம் போனால் அவர் மட்டும் வழக்கம்போல நடமாடுவார். ஹைப்போ என்ற சொல்லை நான் பள்ளிக்குப் போகும் முன்பே அவரிடம் கேட்டிருக்கிறேன். நடுவட்டத்துப் பட்டையும் இந்து நகர் பிலிமும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்திருக்கின்றன என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 2

பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை, கோத்தகிரியில் வெயிலுக்குக் காத்திருப்பது பெரிய சோதனை. மேகம் விலகும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். பெரணி இலை வைத்து எடுத்த படங்கள் நன்றாக வந்தன. ஒன்றைச் சலவைச் சோடாவில் போட்டோம். நீலம் கண்ணெதிரே வெளுத்தது, ஒரு பையன் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

பிறகு கெட்டியான தேயிலை டிகாக்‌ஷன், பால் சேர்க்காமல். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தாள் முழுவதும் பழுப்பேறியது. "டீக்கறை மட்டும்தான் டீச்சர்" என்றார்கள். அப்படியே ஊறவிட்டோம். மெதுவாக, முன்பு நீலம் இருந்த இடமெல்லாம் கருகருவென்று ஏறி, பெரணி திரும்பி வந்தது. அந்தக் கூச்சலை நான் எழுத்தில் தர முடியாது.

கதையில் இதனால் ஒரு மாற்றம். வரைபடம் சட்டென்று தோன்றுவதாக எழுதியிருந்தேன். இப்போது கதையின் பெண் நம்பிக்கை இழந்து, தாளைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள்.

நவம்பர் 3

எந்தத் தேயிலை என்று கேட்டவர்களுக்கு: டஸ்ட் தேயிலைதான். சாறு நன்றாக இறங்கும்.

நவம்பர் 9

கொடைக்கானலிலிருந்து ஒருவர் பாதரசத்தை நாயகனாக்கச் சொல்கிறார். பழநி மலை, போகர், நவபாஷாணம், இரசவாதம் என்று கதைக்களம் தயாராக இருக்கிறதே என்கிறார். அவர் சொல்வதில் ஈர்ப்பு இருக்கிறது. இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு அரைத்தால் கறுப்புத் தூள் வரும். அதையே சூடாக்கிப் பதங்கமாக்கினால் சிவப்பு. இரண்டும் ஒரே மெர்க்குரி சல்ஃபைடு, படிக அமைப்பு மட்டும் வேறு. சித்தர் மரபில் இந்த இரண்டு நிறங்களும் நன்கு தெரிந்தவை.

ஆனால் என் கை நடுங்குகிறது. கதையில் ஒரு பையன் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டினால், படிக்கிற பையனும் உருட்டுவான். அதன் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டதும், அங்கே வேலை செய்தவர்கள் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் போராடியதும் ஊரறிந்த கதை. அவர்கள் வாழ்க்கையைப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்குப் பின்னணியாக்கக் கூடாது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன்.

எழுதுவதற்குள் மனம் மாறிவிட்டது. காயலான் கடையில் கிடக்கும் உடைந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறுமி கேட்பதாகத் தொடங்கலாம். அவள் எதையும் தொடக் கூடாது. தொடாமலே கண்டுபிடிக்க வேண்டும். அப்படி எழுதினால் அது என் இரும்புக் கதையைவிட நல்ல கதையாக வரும். கொடைக்கானலில் வளர்ந்த ஒருவர் எழுத வேண்டும், நீங்களே எழுதுங்கள்.

நவம்பர் 15

சமன்பாட்டுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் மறுபடியும் நினைவூட்டியிருக்கிறார், நியாயம்தான்.

அதே ஸ்டூடியோவின் கணக்குப் புத்தகம். வெள்ளி நைட்ரேட் 340 கிராம் வாங்கியதாக எழுதியிருக்கிறது. படங்களில் போனது, பழைய ஹைப்போவிலிருந்து மீட்டது எல்லாம் சேர்த்து வெள்ளி 150 கிராம் என்று கணக்கு முடிகிறது. எழுதியவன் 150 என்ற எண்ணை அழகாக அடிக்கோடிட்டிருக்கிறான். கதையின் பெண்ணுக்கு வகுப்பில் படித்தது நினைவில் இருக்கிறது: வெள்ளி நைட்ரேட் 170 பங்கு என்றால் அதில் வெள்ளி 108 பங்கு. அப்படியானால் 340 கிராமில் 216 கிராம் இருக்க வேண்டும். மீதி 66 கிராம் எங்கே?

இந்த இடத்தைப் படித்தபோது பிள்ளைகள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்கள், நான் போடச் சொல்லவில்லை. 66 என்று முதலில் கத்தியவன் வேதியியலில் எப்போதும் தடுமாறுகிற பையன். பொருண்மை அழியாது என்ற விதியை நான் பலகையில் எழுதியபோது அவன் அசையவில்லை. ஒருவன் வெள்ளியைத் திருடியிருக்கிறான் என்றதும் அந்த விதி அவனுக்கு வேண்டியதாகிவிட்டது. உங்கள் மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு குறிப்பு. தண்ணீரின் கொதிநிலையை வைத்து மறைவிடத்தைக் கண்டுபிடிக்கும் அத்தியாயத்தைப் பற்றி, "அது இயற்பியல் ஆயிற்றே" என்று ஒருவர் எழுதினார். ஆமாம், இயற்பியல்தான். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, தொட்டபெட்டா உச்சியில் இன்னும் ஒரு டிகிரி குறையும். இந்த முறையில் மலையின் உயரத்தை அளந்த காலம் உண்டு. கதையில் அந்த அத்தியாயம் இருக்கும், எடுக்கமாட்டேன். வேதியியல் வேண்டுமென்றால் அதே அத்தியாயத்தில் கற்பூர மரத்துத் (யூகலிப்டஸ்) தைலம் காய்ச்சும் கொட்டகை வருகிறது. தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாகக் கொதிப்பது 176 டிகிரியில். அடுப்பில் நீராவியோ 100 டிகிரியைக்கூடத் தொடவில்லை. தைலம் எப்படி வெளியே வருகிறது? கலக்காத இரண்டு திரவங்கள் தங்கள் ஆவி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு கொதிக்கின்றன என்ற விடைக்கு ஒரு மாணவி தானாகவே பாதிவரை வந்துவிட்டாள்.

நவம்பர் 22

திருடன் வரைபடத்தைச் சோடாவுக்குப் பதிலாக அமிலத்தில் போட்டால் இன்னும் பயங்கரமாக இருக்குமே என்கிறார் ஒரு வாசகர். வேண்டாம். நீலப்படத்தின் நீலத்தில் சயனைடு கட்டுண்டு கிடக்கிறது. சாதாரணமாகப் பாதுகாப்பானது, ஆனால் வலுவான அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும், உயிரைக் கொல்லும். சலவைச் சோடாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் கதையில் வருவதைச் செய்து பார்ப்பார்கள், அதனால் என் கதையில் வரும் எதையும் அவர்கள் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது செய்து பார்க்க முடிய வேண்டும்.

கடைசி அத்தியாயத்தில் இரும்பின் மூன்றாவது வேடம். இந்த மலையில் விண்டர்கிரீன் செடி வளர்கிறது. அதன் எண்ணெய் வலித்தைலத்தின் மணம் கொண்டது, மெத்தில் சாலிசிலேட். விழுங்கினால் நஞ்சு, அதைக் கதையிலேயே ஒரு பாட்டி அழுத்திச் சொல்கிறார். திருடனின் சட்டையில் அந்த மணம். வெறும் தலைவலித் தைலம் என்று அவன் சொல்கிறான், கற்பூர மரத்துத் தைலம்தான் என்று சாதிக்கிறான். கதையின் பெண் சட்டைத் துணியைச் சாராயத்தில் நனைத்து, அந்தச் சாறில் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசல் ஒரு சொட்டு விடுகிறாள். சினியோலாக இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். சாலிசிலேட் இருந்தால் ஊதா. நீலம் போய், கறுப்பு வந்து, இப்போது ஊதா.

சாறில் எவ்வளவு நீர்த்த கரைசல் சேர்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும் என்று இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். பார்த்த பிறகுதான் அந்தப் பத்தியை எழுதுவேன்.